நுண்ணுயிரின் நட்பை நாடியவர்

நுழையும்முன்

பாலில் ஒரு கரண்டி மோரை உறையாக ஊற்றி வைத்தால் விடிவதற்குள் அது தயிராகிறது. அந்த மாற்றத்தை நிகழ்த்துபவை கண்ணுக்குப் புலப்படாத உயிர்கள். நுண்ணுயிர் என்றாலே நோய் என்று உலகம் அஞ்சிய காலத்தில், அவற்றுள் மனிதருக்கு நன்மை செய்பவையும் உண்டு. உண்ணும் உணவால் அவற்றைப் பேணவும் இயலும் என்று எண்ணிப் பார்த்தவர் இலியா மெச்னிகோவ். அவர் கண்ட உண்மைகள் பெரியவை; அவர் கொண்ட பிழைகளும் சிறியவை அல்ல. இரண்டிலிருந்தும் கற்க வேண்டியவை உண்டு.

புல்வெளியில் தொடங்கிய ஆர்வம்

அன்றைய இரஷ்யப் பேரரசைச் சேர்ந்ததும் இன்று உக்ரைன் நாட்டில் உள்ளதுமான கார்கிவ் பகுதியின் சிற்றூர் ஒன்றில், 1845ஆம் ஆண்டு மே மாதம் மெச்னிகோவ் பிறந்தார். தந்தை இலியா படை அலுவலராகப் பணியாற்றியவர். தாய் எமிலியா யூத மரபில் வந்தவர். ஐந்து மக்களுள் கடைசியாகப் பிறந்தவர் மெச்னிகோவ். பரந்த புல்வெளிகளும் குளங்களும் சூழ்ந்த அச்சிற்றூரில் செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் உற்றுநோக்குவதே அவருக்கு விளையாட்டாக அமைந்தது. தாம் அறிந்தவற்றைத் தம் வயதொத்த சிறுவர்களுக்குச் சொற்பொழிவாக ஆற்றுவதும், அவர்கள் எழுந்து சென்றுவிடாதிருக்கத் தம் கைக்காசைக் கொடுப்பதும் அவருடைய சிறுவயது வழக்கங்கள்.

கார்கிவ் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயிலச் சேர்ந்த அவர், நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். பின்னர் வட கடலிலுள்ள ஹெலிகோலாந்து தீவிலும் செருமனியின் கீசன் நகரிலும் இத்தாலியின் நேப்பிள்சு நகரிலும் தங்கிக் கடல்வாழ் உயிரினங்களை ஆராய்ந்தார். முதுகெலும்பற்ற உயிரினங்களின் கருவளர்ச்சி பற்றிய ஆய்வுக்காக, 1867இல் அலெக்சாந்தர் கோவலெவ்ஸ்கியோடு இணைந்து கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேர் பெயரிலான பரிசைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 22.

கீசனில் இருந்தபோது அவர் கண்ட காட்சி ஒன்று பிற்கால ஆய்வுகளுக்கு வித்தாக அமைந்தது. தட்டைப்புழு ஒன்றின் உடலில், உணவு குடற்குழியில் கரைந்து செரிக்காமல், தனித்தனிச் செல்களால் விழுங்கப்பட்டு அவற்றின் உள்ளேயே செரிப்பதை அவர் நுண்ணோக்கியின் வழியே கண்டார். செல்லும் உண்ணும் என்னும் அச்சிறு செய்தியின் முழுப்பொருள் விளங்க மேலும் பதினேழு ஆண்டுகள் ஆயின.

துயரின் பிடியில்

1869இல் லுட்மிலா என்னும் பெண்ணை மெச்னிகோவ் மணந்தார். மணமகள் அப்போதே காசநோயால் நலிந்திருந்தார். நடக்க வலுவின்றி நாற்காலியில் அமர்த்தித் திருக்கோவிலுக்குள் தூக்கிச் செல்லப்பட்டே அவருடைய திருமணம் நடந்தது. அடுத்து வந்த நான்கு ஆண்டுகளும் நோயோடு நடந்த போராட்டமாகவே கழிந்தன. வெப்பமான காற்று நலம் தரும் என்னும் நம்பிக்கையில் மனைவியை அட்லாண்டிக் பெருங்கடலிலுள்ள மெதீரா தீவுக்கு அழைத்துச் சென்றார். மருத்துவச் செலவை ஈடுகட்ட இரவு பகலாக உழைத்தார். நுண்ணோக்கியில் இடைவிடாது பார்த்ததால் தம் கண்களும் கெட்டு, ஆய்வைத் தொடர இயலாத நிலைக்கு ஆளானார். அவ்வளவு பாடுபட்டும் 1873இல் லுட்மிலா இறந்தார்.

அத்துயரைத் தாங்காத மெச்னிகோவ் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முனைந்தார், நற்பேறாகப் பிழைத்தார். இரண்டாண்டுகளுக்குப்பின், 1875இல், ஒல்காவை மணந்தார். ஒல்கா ஓவியத்திலும் சிற்பத்திலும் தேர்ந்தவர். கணவரின் ஆய்வுக்கூடப் பணிகளிலும் துணைநின்றவர். சில ஆண்டுகளில் ஒல்காவும் குடற்காய்ச்சலால் உயிருக்குப் போராடும் நிலையை அடைந்தார். அரசியல் கெடுபிடிகளால் பல்கலைக்கழகத்திலும் அமைதி குலைந்திருந்தது. மீண்டும் மனம் உடைந்த மெச்னிகோவ், மீள்காய்ச்சலுக்கு உள்ளான ஒருவரின் குருதியைத் தம் உடலில் செலுத்திக்கொண்டு கடும் நோயுற்றார். அதிலிருந்தும் அவர் மீண்டார், ஒல்காவும் நலம்பெற்றார்.

வாழ்வே வேண்டாம் என்று இருமுறை எண்ணியவர், பின்னாளில் மனித வாழ்வை நீட்டிக்கும் வழியைத் தேடித் தம் எஞ்சிய ஆண்டுகளையெல்லாம் செலவிட்டார். இருண்ட பொழுதில் எடுத்த முடிவு ஒரு மனிதரின் இறுதி முடிவாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அவருடைய பிற்கால வாழ்க்கையே சான்று.

மெசினாவில் ஒரு முள்

ஒடெசா பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியை 1882இல் துறந்த மெச்னிகோவ், ஒல்காவோடும் அவருடைய இளைய உடன்பிறந்தாரோடும் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள மெசினா நகருக்குச் சென்றார். கடலை நோக்கிய வீட்டின் கூடமே ஆய்வுக்கூடமாயிற்று. ஒருநாள் வீட்டிலிருந்தோர் அனைவரும் வட்டரங்கு விளையாட்டைக் காணச் சென்றிருக்க, அவர் மட்டும் நட்சத்திர மீனின் இளவுயிரிகளை நுண்ணோக்கியில் நோக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி போன்ற அவற்றின் உடலுக்குள் சில செல்கள் இங்குமங்கும் ஊர்ந்துகொண்டிருந்தன.

அச்செல்கள் உணவை விழுங்குவதற்கு மட்டும் உரியவையா? உடலுக்குள் நுழையும் பகையையும் அவை விழுங்கக்கூடுமோ? இவ்வினா எழுந்த கணத்தில் அவர் தோட்டத்திற்குச் சென்று ரோசாச் செடியின் முட்கள் சிலவற்றைப் பறித்து வந்து, இளவுயிரிகளின் தோலுக்கடியில் செருகி வைத்தார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. பொழுது புலர்ந்ததும் நுண்ணோக்கியில் நோக்கினார். முள்ளைச் சுற்றி ஊரும் செல்கள் திரண்டு சூழ்ந்து நின்றன.

குருதியோட்டமோ நரம்பு மண்டலமோ முதிராத எளிய உயிரிலும் தற்காப்பு உண்டு. அதை நடத்துபவை விழுங்கும் செல்கள் என்று அவர் உணர்ந்தார். மனிதக் குருதியிலுள்ள வெள்ளை அணுக்களும் இவ்வாறே நோய்க்கிருமிகளை விழுங்கி அழிக்கின்றன என்னும் கொள்கை இவ்வாறு பிறந்தது. அதுவரை, வெள்ளை அணுக்கள் கிருமிகளைச் சுமந்து உடலெங்கும் பரப்புகின்றன என்றே அறிஞர் பலர் கருதிவந்தனர். அச்செல்களுக்கு, உண்ணும் செல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஃபேகோசைட் என்னும் பெயர் வழங்கலாயிற்று. தமிழில் அவை விழுங்கு செல்கள் எனப்படுகின்றன.

அடுத்து டாப்னியா என்னும் நீர்வாழ் சிற்றுயிரை மெச்னிகோவ் ஆராய்ந்தார். ஒருவகைப் பூஞ்சையின் ஊசி போன்ற வித்துகள் அதன் உடலைத் துளைத்து நுழைந்தபோது, விழுங்கு செல்கள் வென்ற இடத்தில் அவ்வுயிர் பிழைத்தது. பூஞ்சை வென்ற இடத்தில் இறந்தது. நோய் என்பது இரு தரப்புகளுக்கிடையே நடக்கும் போராட்டம் என்பதைக் கண்ணால் காணக்கூடிய சான்றோடு அவர் நிறுவினார்.

பாரிசில் புகலிடம்

லூயி பாஸ்டர் கண்டறிந்த வெறிநாய்க்கடித் தடுப்பூசியை வழங்க 1886இல் ஒடெசாவில் ஒரு நுண்ணுயிரியல் நிலையம் தொடங்கப்பட்டது. அதன் தலைமைப் பொறுப்பு மெச்னிகோவுக்குக் கிடைத்தது. அவர் விலங்கியல் அறிஞர். மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். அதனால் உள்ளூர் மருத்துவர்களின் எதிர்ப்பு நாள்தோறும் வளர்ந்தது. அமைதியாக ஆய்வு செய்ய இடம் தேடிய அவர் பாரிசுக்குச் சென்று பாஸ்டரைச் சந்தித்தார். முதுமையுற்றிருந்த பாஸ்டர் அவரை அன்போடு வரவேற்று, தம் பெயரால் 1888இல் தொடங்கப்பட்ட நிறுவனத்தில் தனி ஆய்வுக்கூடத்தையே அளித்தார். அதுமுதல் தம் இறுதிநாள்வரை, 28 ஆண்டுகள், மெச்னிகோவ் அங்கேயே பணியாற்றினார்.

அங்கும் அவருக்குப் போராட்டம் காத்திருந்தது. 1890இல் பெர்லினில் எமில் வான் பெரிங், கித்தசாத்தோ சிபசாபுரோ ஆகிய இருவரும், குருதியின் நீர்மப் பகுதியே நோய்நஞ்சை முறிக்கும் ஆற்றல் உடையது என்று காட்டினர். நோயை எதிர்ப்பது குருதிநீரா, செல்லா என்னும் விவாதம் ஐரோப்பிய அறிவியல் மாநாடுகளில் பல்லாண்டுகள் நீடித்தது. ஒவ்வொரு மறுப்புக்கும் புதிய சோதனை ஒன்றையே மெச்னிகோவ் விடையாக்கினார். இறுதியில் இரு தரப்பும் உண்மையின் ஒவ்வொரு பாதியைக் கண்டிருந்தமை தெளிவாயிற்று. இரு கொள்கைகளின் சார்பிலும் நின்ற மெச்னிகோவுக்கும் பால் எர்லிக்குக்கும் 1908ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

தெரியுமா?

ஒடெசாவில் மெச்னிகோவின் மாணவராக விளங்கியவர் வால்டெமர் ஹாஃப்கின். ஆசிரியரைப் பின்பற்றிப் பாரிசு பாஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்த அவர், காலராவுக்குத் தடுப்பூசி கண்டார். 1893இல் இந்தியாவுக்கு வந்து அதனை மக்களுக்குச் செலுத்தினார். பம்பாயில் பிளேக் பரவியபோது அந்நோய்க்கும் தடுப்பூசி உருவாக்கி, 1897இல் முதலில் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். மும்பையிலுள்ள ஆய்வு நிறுவனம் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

காலரா எழுப்பிய வினா

1890களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் காலரா பரவியது. ஒரே ஊரில் ஒரே நீரைப் பருகியோருள் சிலர் இறக்க, சிலர் நலமாக இருந்தது ஏன் என்னும் வினா மெச்னிகோவை வாட்டியது. காலராக் கிருமிகளை அவரே விழுங்கிப் பார்த்தார், நோய் வரவில்லை. தாமாக முன்வந்து விழுங்கிய மற்றொருவரோ கடும் காலராவுக்கு ஆளாகிச் சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். இத்தகைய சோதனையை இன்றைய ஆய்வறம் ஏற்காது. அக்காலத்திலும் அது ஓர் உயிரைப் பணயம் வைத்த செயலே.

அவ்வாய்வின்போது ஆய்வுக்கூடத் தட்டுகளில் அவர் கண்டது வேறொரு செய்தி. சில நுண்ணுயிர்களின் அருகில் காலராக் கிருமி செழித்து வளர்ந்தது; வேறு சிலவற்றின் அருகில் அது வளராமல் ஒடுங்கியது. மனிதக் குடலில் முன்பே குடியிருக்கும் நுண்ணுயிர்களே புதிதாக வரும் கிருமிக்கு இடம்கொடுக்கின்றன அல்லது இடம்மறுக்கின்றன என்னும் கருத்து அவர் உள்ளத்தில் வேர்விட்டது. குடல் ஒரு கழனி. அங்கே பயிரும் உண்டு, களையும் உண்டு. பயிரைப் பெருக்கிக் களையை ஒடுக்க இயலுமா என்பதே அதன்பின் அவருடைய தேடலாயிற்று.

அதே நிறுவனத்தில் ஹென்றி டிசியே என்னும் குழந்தை மருத்துவர், தாய்ப்பால் அருந்தும் குழந்தைகளின் குடலில் கவைக்கோல் வடிவப் பாக்டீரியாக்கள் மிகுந்திருப்பதை நூற்றாண்டின் திருப்பத்தில் கண்டறிந்தார். அவையே இன்று பிஃபிடோபாக்டீரியா எனப்படுகின்றன. உண்ணும் உணவுக்கும் குடலில் வாழும் உயிர்களுக்கும் தொடர்பு உண்டு என்னும் எண்ணத்திற்கு இக்கண்டுபிடிப்பு வலுவூட்டியது.

முதுமையும் புளித்த பாலும்

முதுமையை முறையாக ஆராயும் துறைக்கு ஜெரண்டாலஜி, அதாவது முதுமையியல், என்னும் பெயரை 1903இல் வழங்கியவர் மெச்னிகோவே. முதுமையின் துன்பங்கள் இயற்கையானவை அல்ல. அவற்றுக்கும் காரணம் உண்டு, எனவே தீர்வும் உண்டு என்று அவர் கருதினார். காரணத்தை அவர் பெருங்குடலில் கண்டார். அங்கே தங்கும் கழிவை அழுகச் செய்யும் பாக்டீரியாக்கள் நஞ்சை உண்டாக்குகின்றன. அந்நஞ்சு குருதியில் கலந்து உடலை மெல்ல மெல்லத் தளரச் செய்கிறது என்பது அவர் கொள்கை. பெருங்குடல் குறுகிய கிளி முதலிய பறவைகள், அவற்றை ஒத்த உருவமுள்ள பாலூட்டிகளைக் காட்டிலும் நெடுநாள் வாழ்வதை அவர் சான்றாகக் காட்டினார்.

இதற்கு மாற்று அவருக்கு அன்றாட உணவிலேயே கிடைத்தது. பால் புளிக்கும், இறைச்சிபோல் எளிதில் அழுகுவதில்லை. லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பாலில் பெருகி, அழுகச் செய்யும் பாக்டீரியாக்களை வளரவிடாமல் தடுப்பதே அதற்குக் காரணம். பாலில் நடப்பது குடலிலும் நடக்கக்கூடும் என்று அவர் கருதினார். பல்கேரிய நாட்டு உழவர்கள் புளித்த பாலை நாள்தோறும் உண்டு நெடுநாள் வாழ்கின்றனர் என்னும் செய்தியும் அவரைக் கவர்ந்தது. 1905இல் ஸ்டாமென் கிரிகோரோவ் என்னும் பல்கேரிய மருத்துவ மாணவர், தம் நாட்டுத் தயிரை உறையச் செய்யும் பாக்டீரியாவை ஜெனீவாவில் கண்டறிந்தார். அதனைத் தூய்மையாக வளர்த்து உறையிட்ட பாலை மெச்னிகோவ் பல ஆண்டுகள் தவறாமல் அருந்தினார். பச்சைக் காய்கனிகள் வழியே தீய கிருமிகள் நுழையும் என்று அஞ்சி, அவற்றை வேகவைத்தே உண்டார்.

புகழும் பிழையும்

1904இல் முதுமை பற்றி அவர் பாரிசில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவைச் செய்தித்தாள்கள் பெரிதுபடுத்தின. தயிர் உண்டால் முதுமை அணுகாது என்பதுபோல் செய்திகள் பரவின. மருந்துக்கடைகளில் பல்கேரியப் பாக்டீரியா மாத்திரைகள் விற்பனைக்கு வந்தன. வணிகர்கள் அவர் பெயரை விளம்பரமாக்கினர். புளித்த பால் சாவா மருந்து அன்று என்றும், தம் கருத்து இன்னும் முழுமையாக நிறுவப்படாதது என்றும் மெச்னிகோவ் தெளிவுபடுத்த முயன்றார். ஆயினும், எச்சரிக்கையைக் காட்டிலும் நம்பிக்கை விரைவாகப் பரவியது.

அதன் தீய விளைவு அறுவை அரங்கிலும் வெளிப்பட்டது. பெருங்குடல் பயனற்ற உறுப்பு, நஞ்சின் உறைவிடம் என்னும் கருத்தைப் பற்றிக்கொண்ட இலண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் ஆர்புத்நாட் லேன், மலச்சிக்கல் போன்ற குறைகளுக்காகவும் பெருங்குடலையே வெட்டி அகற்றினார். நோயாளிகளுள் சிலர் உயிரிழந்தனர். மெச்னிகோவ் தமக்குத் தேர்ந்தெடுத்தது உணவின் வழியையே. எனினும், போதிய சான்றின்றி உரைத்த கருத்து பிறர் கையில் கத்தியாக மாறியது.

கொள்கையின் அடித்தளத்திலும் விரிசல்கள் இருந்தன. நெடுநாள் வாழ்வோர் நாட்டில் தயிர் உண்ணப்படுகிறது என்பதனால் தயிரே நெடுவாழ்வைத் தந்தது என்று ஆகிவிடாது. அவர்களுடைய உழைப்பு, காற்று, பிற உணவு, மரபு எனக் காரணங்கள் பலவாக இருக்கலாம். பிறப்புப் பதிவு முறையாக இல்லாத இடத்தில் முதியோர் கூறும் வயதையும் அப்படியே கொள்ள இயலாது. இரண்டு செய்திகள் ஒருங்கே நிகழ்வது வேறு. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாவது வேறு. முள்ளைச் செருகிச் சோதித்துப் பார்த்த அதே அறிஞர், தயிரைப் பற்றி அத்தகைய சோதனையை முடிக்குமுன்பே முடிவுக்கு வந்துவிட்டார்.

இறுதி நாள்கள்

முதல் உலகப்போர் மூண்டபோது பாஸ்டர் நிறுவனத்தின் இளம் ஆய்வாளர் பலர் போர்முனைக்குச் சென்றனர். ஆய்வுக்கூடங்கள் வெறுமையாயின. உயிர்களைக் காக்க உழைத்தவர்க்கு அக்காலம் பெருந்துயரைத் தந்தது. இதயநோயும் அவரை வாட்டியது. நோய்ப்படுக்கையிலும் தம் உடலின் மாற்றங்களை ஆய்வுப்பொருளாகவே நோக்கிக் குறித்துவந்தார். தாம் இறந்தபின் தம் உடலை அறுத்து ஆராய வேண்டும், குடலைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று உடன்பணியாற்றிய மருத்துவரிடம் கேட்டுக்கொண்டார். 1916ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள், தம் 71ஆம் வயதில், அவர் இயற்கை எய்தினார். அவருடைய சாம்பல் அடங்கிய கலசம் பாஸ்டர் நிறுவன நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஒல்கா தம் கணவரின் வாழ்க்கை வரலாற்றை நூலாக எழுதினார்.

நூற்றாண்டு வாழ்வைக் கனவுகண்டவர் 71 வயதில் மறைந்ததைச் சிலர் எள்ளினர். ஒரு மனிதரின் ஆயுளைக் கொண்டு ஒரு கொள்கையை நிறுவவும் இயலாது, மறுக்கவும் இயலாது. அதற்குரிய இடம் ஆய்வுக்கூடமே.

பின்வந்தோர் கண்டவை

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லியோ ரெட்கரும் அவருடைய துணைவர்களும் 1920களின் தொடக்கத்தில் இக்கொள்கையைச் சோதித்தனர். பல்கேரியத் தயிர்ப் பாக்டீரியா மனிதக் குடலில் நிலையாகத் தங்குவதில்லை என்று கண்டனர். ஆனால், லாக்டோசு, டெக்சுட்ரின் போன்ற மாவுப்பொருள்களை மிகுதியாக உண்ணும்போது குடலில் வேறுவகை அமிலப் பாக்டீரியாக்கள் பெருகுவதையும் அவர்களே கண்டனர். கழனிக்கு விதை மட்டும் போதாது, உரமும் வேண்டும் என்னும் உண்மை இதனால் புலப்பட்டது. ஜப்பானின் கியோட்டோ நகரில் மினோரு ஷிரோட்டா, இரைப்பை அமிலத்தையும் பித்தநீரையும் தாங்கிக் குடலைச் சென்றடையக்கூடிய ஒரு பாக்டீரியா வகையை 1930இல் தேர்ந்து வளர்த்தார்.

மனித உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடிப் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என 2016இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிடுகிறது. இது மனித செல்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடத்தக்க அளவாகும். இவற்றுள் மிகப்பெரும்பாலானவை குடியிருப்பது, பயனற்றது என்று மெச்னிகோவ் கருதிய அதே பெருங்குடலில்தான். அங்கே நீரும் உப்பும் உறிஞ்சப்படுகின்றன. சிறுகுடலில் செரிக்காமல் வரும் நார்ச்சத்தைப் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்து சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றுள் ஒன்றான பியூட்டிரேட், பெருங்குடலின் உட்சுவரிலுள்ள செல்களுக்கு முதன்மையான எரிபொருளாகப் பயன்படுகிறது. வைட்டமின் கே போன்ற சத்துகளையும் அப்பாக்டீரியாக்கள் உண்டாக்குகின்றன. தாம் இடத்தை நிறைத்துக்கொள்வதால் தீய கிருமிகள் காலூன்றாமலும் தடுக்கின்றன. தேவையின்றி உண்ணும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இவ்வரணைக் குலைக்கின்றன. அதனால்தான் மருத்துவரின் அறிவுரையின்றி அவற்றை உண்ணலாகாது.

நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள் புரோபயாட்டிக் என்று வழங்கப்படுகின்றன. போதிய அளவில் உட்கொள்ளும்போது உண்பவருக்கு நலம் தருவனவற்றையே அப்பெயரால் குறிக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பும் உலக நலவாழ்வு அமைப்பும் கூட்டிய வல்லுநர் குழு 2001இல் வரையறுத்தது. புளித்திருப்பது மட்டும் அப்பெயருக்குத் தகுதி ஆகாது. எந்த வகைப் பாக்டீரியா, எவ்வளவு, எந்நோய்க்கு என்பவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தே அறிய வேண்டியுள்ளது. பயறுகள், முழுத்தானியங்கள், காய்கள், கீரைகள், பழங்கள் எனப் பலவகை நார்ச்சத்து உணவுகளை உண்பது குடலில் வாழும் நல்லுயிர்களுக்கு உணவளிப்பதாகும். அவற்றோடு தயிரும் மோரும் சேர்வது எளிய நன்முறை. எவ்வுணவும் நோய்க்குரிய மருத்துவத்திற்கு மாற்றாகாது.

நிறைவாக

பெருங்குடலை வீண் என்று மெச்னிகோவ் கருதியது பிழை. குடல்நஞ்சே முதுமையின் காரணம் என்றதும் நிலைபெறவில்லை. பல்கேரியப் பாக்டீரியா குடலில் தங்கும் என்ற நம்பிக்கையும் பொய்த்தது. ஆயினும், நுண்ணுயிரைப் பகையாக மட்டுமே உலகம் கண்ட நாளில், அதனோடு நட்புக்கொள்ள இயலுமா என்று அவர் எழுப்பிய வினா நிலைத்தது. அவருடைய விடைகளைச் சோதித்துத் திருத்தியவர்களும் அவ்வினாவின் வழியிலேயே நடந்தனர். ஒருவரின் கண்டுபிடிப்பைப் போற்றுவதோடு, அவர் பிழையைச் சான்றுகாட்டித் திருத்துவதும் அவருக்குச் செய்யும் மரியாதையே. தம் எதிர்ப்பாளர்க்குச் சோதனையால் விடையளித்த மெச்னிகோவ், அம்மரியாதையையே தமக்கும் விரும்பியிருப்பார்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டில் உறையிட்டோ புளிக்கவைத்தோ உண்ணும் உணவுகளைப் பட்டியலிடுக. அவற்றுள் உண்ணும் பொழுது உயிருள்ள பாக்டீரியாக்கள் இருப்பவை எவை, சூடாக்குவதால் அவை அழிந்துவிடுபவை எவை என்று வகைப்படுத்துக.

2. நலம் தருவதாகக் கூறும் உணவு விளம்பரம் ஒன்றைத் தேர்ந்து, அதிலுள்ள கூற்றுகளுள் சான்றுடையவை எவை, சான்றற்றவை எவை என வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. விழுங்கு செல்கள் பற்றிய ஆய்வையும் புளித்த பால் பற்றிய கொள்கையையும் மெச்னிகோவ் நிறுவ முயன்ற முறைகளை ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.